பதிவேட்டில் இருந்த பிள்ளை

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு சிறுவன் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனான். மூன்றாம் நாள் இறந்துவிட்டான். ஏன் இறந்தான் என்று கேட்க அவனுக்கு வீட்டார் எவரும் இல்லை. இப்படி எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

சிறைகளின் நிலை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு கண்ணில் பட்டது. இல்லங்களில் இயற்கைக்கு மாறாக இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தொகுக்க மாநிலங்களுடன் பேசி நடைமுறை வகுக்கும்படி மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு அதில் உத்தரவு இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை கெடு. நான் எல்லா இறப்புகளையும் கேட்பதென்று முடிவு செய்தேன். விசாரித்தால்தானே எது இயற்கை, எது இல்லை என்பது தெரியும்?

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் இல்லங்களின் கணக்கை வைத்திருக்கும் மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்பினேன். ஐந்தாண்டுகளில் மாவட்டத்து இல்லங்களில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை, இல்லத்தின் பெயர், வயது, காரணம், பிரேதப் பரிசோதனை நடந்ததா என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். 30 நாள் கெடு முடியும் தறுவாயில் மறுப்பு வந்தது. தனிநபர் தகவலாம்; இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் தடுக்கிறதாம்.

அந்தப் பிரிவு தேவையானது. குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. யோசித்துப் பார்த்தால் என் மனுவிலும் தவறு இருந்தது: இல்லத்தின் பெயரையும் வயதையும் சேர்த்துக் கேட்டால் பிள்ளை யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுகொள்வார்கள். முதல் மேல்முறையீட்டில் இல்லத்தின் பெயரை விட்டுவிட்டேன். வயதை 0-6, 7-12, 13-18 என்று மட்டும் பிரித்துக் கேட்டேன். விலக்குப் பெற்ற பகுதியை நீக்கி மீதியைத் தரலாம் என்னும், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவையும் சுட்டிக்காட்டினேன்.

இம்முறை அட்டவணை வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் ஒரே சொல்: ‘இன்மை’.

அந்தத் தாளோடு அந்த அலுவலகத்துக்கு நேரில் போனேன். அந்தச் சிறுவனைச் சொன்னதும் அலுவலர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளை மருத்துவமனையில்தானே இறந்தது, அம்மா? இல்லத்தில் இறந்தால்தான் எங்கள் கணக்கில் வரும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் நிரப்ப வேண்டிய படிவமே அப்படித்தான் இருந்தது. மருத்துவமனையோ அவனை நோயாளிகளில் ஒருவனாக எழுதியிருக்கும். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு கொதித்தது.

மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள் உண்டு. நான் அதற்குப் போகவில்லை. கேட்டதற்குப் பதில் தந்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லிவிடலாம் என்பதால் புது மனுவே எழுதினேன்: “இறந்த நாளன்று இல்லத்தின் வருகைப் பதிவேட்டிலோ சேர்க்கைப் பதிவேட்டிலோ பெயர் இருந்த குழந்தைகள், எந்த இடத்தில் இறந்திருந்தாலும், ஆண்டுவாரியாக எத்தனை பேர்?”

ஒப்புகை அட்டை நேற்று திரும்பி வந்தது.