தேதி போடாத செய்தி

நான் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) வேலைக்கு வந்த புதிதில் பிரஸ் நோட்டைப் பழுப்புக் கவரில் போட்டுக்கொண்டு, அண்ணா சாலையில் ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தால் வெட்டி ஃபைலில் ஒட்டுவோம். தவறு இருந்தால் மறுப்பு எழுதிக் கொடுக்க ஒரு நாள் அவகாசம் இருந்தது.

அந்த அவகாசம் போய்விட்டது என்று எனக்கு உறைத்தது 2015 டிசம்பரில். 1ஆம் தேதி மழையும் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாற்றங்கரையை மூழ்கடித்தன. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல், மறுநாள் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். எங்கள் ட்விட்டர் கணக்கில் அதுவரை இலவச முகாம் அறிவிப்புகள்தான் வரும். அன்று ஜெனரேட்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உதவி கேட்டு வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே பகிர்ந்தேன். டயாலிசிஸ், இன்சுலின், ஆக்சிஜன் சிலிண்டர்.

வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது. முடிச்சூர் பக்கம் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி மொட்டைமாடியில் இருக்கிறார், படகு வேண்டும், கணவரின் எண் இது. 2ஆம் தேதி மாலை அதை எங்கள் கணக்கில் போட்டேன். மருத்துவமனை பெயரில் வந்ததால் எல்லோரும் நம்பினார்கள்; மளமளவென்று பரவியது. இரவில் தன்னார்வலர்கள் படகோடு போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. காலையிலேயே அக்கம்பக்கத்தார் அந்தப் பெண்ணை மீட்டு, தாம்பரத்தில் சேர்த்துவிட்டார்கள். செய்தியில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. நான் அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்க்கவும் இல்லை. டவர் கிடைத்திருக்காது என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். முயன்றிருக்க வேண்டும். அந்த நேரத்தில் படகு வேறொரு தெருவில் இருந்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதே நாட்களில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பி, பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டிவந்தது. 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. நல்ல காரியம். ஆனால் ஐந்து அரட்டைகளுக்குப் போகிற செய்தியிலும் தேதி இல்லையென்றால் அதே கதைதான்.

இப்போது என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். நாள், நேரம், யாரிடம் கேட்டு உறுதி செய்தாய், எல்லாம் பதிவிலேயே இருக்கட்டும். உதவி கிடைத்ததும் ‘முடிந்தது’ என்று அதே பதிவின் கீழே போடு. அந்த மருத்துவமனைக்குப் பிறகு அடுத்த வேலைக்கான நேர்காணலுக்கு, வெள்ளத்தின்போது எழுதிய அந்த நோட்டைத்தான் எடுத்துப் போனேன். எத்தனை பேர் நம்மைப் பின்தொடர்கிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்து, மன்னிப்புக் கேட்க அந்தக் கணவரை அழைத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே, “அம்மாவும் குழந்தையும் நல்லா இருக்காங்க சார், ரொம்ப நன்றி” என்றார். ஃபார்வர்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது; விடாமல் அழைப்புகள். “நம்பரை மாத்திடலாமே?” என்றேன்.

“நல்ல மனசோட விசாரிக்கிறாங்க சார், எப்படி மாத்துறது?”

பொங்கல் தாண்டியும் அழைப்புகள் வந்தனவாம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார்.