சிலைமேல் நின்றவர்

1849 முதல் 1851 வரை எகிப்து முதலிய கீழை நாடுகளில் சுற்றிய பிரெஞ்சுக்காரர் மாக்சிம் து காம் எடுத்த புகைப்படங்களில் கோயிலும் மணலும் உடைந்த தூண்களும்தான். ஆனால் பல படங்களில் ஒரே ஒரு ஆள் இருப்பார்: ஹாஜி இஸ்மாயில், து காமின் படகில் வேலை செய்த நூபியர் (எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியாக்காரர்). சிலையின் உயரம் புரிய அளவுகோலாக ஏற்றி நிறுத்தப்பட்டவர். லென்ஸின் பித்தளைக் குழாய் பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும் என்று அவரைப் பயமுறுத்தியதை து காமே பிறகு எழுதியிருக்கிறார். படித்ததும் மனசு கனத்துப்போனது.

1852-ல் 125 படங்களோடு புத்தகம் வந்தது. பாரிஸில் அதைப் புரட்டியவர்களுக்கு எகிப்து என்றால் ஆளில்லாத இடிபாடு. கெய்ரோ சந்தையின் நெரிசல் அந்தக் காலக் கேமராவின் நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஒளி பதிய லென்ஸ் திறந்திருக்கும் நேரத்தில், பதியவும் வழியில்லை. அதைத் தேடி து காம் போனதாகவும் தெரியவில்லை.