பத்து வோன் நாணயத்தில் ஒரு தூபி

மேசை இழுப்பறையில் ஒரு கொரிய நாணயம் வைத்திருக்கிறேன். பத்து வோன். செம்பு நிறம், விரல் நுனியில் அடங்கிவிடும். ஒரு பக்கம் கியோங்ஜு நகரத்துப் புல்குக்சா கோயிலின் தாபோதாப் என்ற கல் தூபி. படிகள், கைப்பிடித் தூண்கள், மேலே எண்கோண மாடம் எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கின்றன.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெயரின் கடைசி அசை. தாப் என்றால் கொரிய மொழியில் கோபுரம். ஆனால் சொல் கொரியாவில் பிறந்ததல்ல. பாலியில் தூப, சமஸ்கிருதத்தில் ஸ்தூப. புத்த மதம் சீனாவுக்குப் போனபோது அதை ஒரே எழுத்தில் அடக்கி, 'தாப்' என்பதுபோல் உச்சரித்தார்கள். கி.பி. 372இல் பழைய கொரிய அரசான கோகுர்யோவுக்குப் புத்த மதம் வந்தது. சீனம் வழியாக வந்த சமயச் சொற்களில் இதுவும் ஒன்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெய்ஜிங் சீனத்தில் இன்று அது வெறும் 'தா'. ப், த், க் போன்ற இறுதி மெய்கள் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. கொரியர்களோ அந்த 'ப்'பை விடவே இல்லை. தூபவில் இருந்த அதே உதட்டொலி! நாம் தூபி என்கிறோமே, அதிலும் அதுதான் இருக்கிறது.

அப்புறம், பாரிஸின் ஈஃபில் கோபுரம்கூடக் கொரியர்களுக்கு 'எபெல்தாப்'தான்.