பீட்டிலுக்குப் புது டயர்: அகலத்தைத் தேடிப்போய் ஒல்லியில் முடிந்த கதை

டயரின் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் மேடுகள், அப்படியே இருக்கிறதே, டயரை எதற்கு மாற்ற வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். என்னுடைய 1970 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். தேய வழியே இல்லை. போன மாதம் பிரேக் டிரம்மைப் பார்க்கலாம் என்று பின்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தபோதுதான் டயரின் உள்பக்கம் கண்ணில் பட்டது. வற்றிய குளத்து மண் மாதிரி பக்கச்சுவர் முழுக்க மெல்லிய வெடிப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் வெடிப்பு வாயைத் திறந்தது. பட்டன் பகுதியில் நகத்தை வைத்துக் குத்தினேன். ரப்பரில் தடமே விழவில்லை, மடங்கியது என் நகம்தான்.

டயர் மேல் டிஓடி என்று தொடங்கும் எண் வரிசையில் கடைசி நாலு இலக்கம் 1409 என்று இருந்தது. 2009-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். அந்த நாலு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். என் நாலு டயரில் மூன்றில் அது உள்பக்கம் பார்த்து மாட்டியிருந்தது. இத்தனை நாள் கவனிக்காததற்கு இதையே சாக்காக வைத்துக்கொள்கிறேன். பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் போனால் மாற்றிவிடுங்கள் என்பது டயர் கம்பெனி மிஷலின் சொல்லும் கணக்கு. ஓடாமல் நிற்கும் காருக்கு இது இன்னும் மோசம். ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு மடங்கி நிமிரும்போதுதான் மேலே கசிந்து, காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்காமல் காப்பாற்றும். நிற்கிற டயருக்கு அந்தக் காப்பு சரியாகக் கிடைப்பதில்லை.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எதை மாட்டுவது?

முதலில் ஆசைதான் ஜெயித்தது. நண்பர் ஒருவர் தன் பீட்டிலிலிருந்து கழற்றிய இரண்டு 195/60 ஆர் 15 டயர்களை அவற்றின் ரிம்மோடு கொடுத்தார், “மாட்டிப் பாருங்கள், பிடித்தால் இதே அளவில் வாங்குங்கள்” என்றார். அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று அந்த எண்களுக்கு அர்த்தம். இந்த டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குல அகல ரிம் வேண்டும். என்னுடையது நாலரைதான். அதனால்தான் ரிம்மும் சேர்ந்து வந்தது. முன்னால் மாட்டித் தள்ளி நின்று பார்த்தேன். அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.

ஓட்டியபோது அழகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கத் தோளே இறங்கியது. வேகமானியும் பொய் சொல்ல ஆரம்பித்தது. பீட்டிலில் வேகமானிக் கேபிள் முன்பக்க இடது சக்கரத்தின் நடுவிலிருந்துதான் கிளம்புகிறது. டயர் குட்டையானால் அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், முள்ளும் அதற்கேற்ப ஏறும். முள் 80 காட்டியபோது ஜிபிஎஸ் 75 என்றது. கணக்குப் போட்டால் 195/60-இன் விட்டம் 615 மில்லிமீட்டர், பீட்டிலுக்கு வழக்கமாகப் போடும் 165/80-இன் விட்டம் 645.

எனக்குப் பயம் தந்தது மழைதான். எஞ்சின் பின்னால் இருப்பதால் இந்தக் காரின் மூக்கு லேசு. எடையில் பாதிக்கும் குறைவுதான் முன்சக்கரங்களுக்குப் போகிறது. அவ்வளவு லேசான மூக்கின் கீழ் அகல டயரை வைத்தால் தண்ணீரைக் கிழிப்பதற்குப் பதில் அதன் மேல் ஏறி மிதக்கத்தான் பார்க்கும். ஒரே ஒரு மழை நாள் ஓட்டினேன். மறுநாளே டயர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த குழப்பம், கிராஸ்பிளையா ரேடியலா. பீட்டிலின் பழைய அளவு 5.60-15, அதாவது 5.6 அங்குல அகலமுள்ள கிராஸ்பிளை டயர். நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், அதன் மேல் பட்டை போட்டுக் கட்டியிருக்கும். மிஷலின் 1946-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. கண்காட்சிக்கு மட்டும் போகிற வண்டியென்றால் கிராஸ்பிளை பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தின் பின்னாலும் போகப் பார்க்கும். நைலான் நூல் என்றால் ராத்திரி நின்ற இடம் தட்டையாகி, காலையில் கொஞ்ச தூரம் தடதடக்கும். நான் ஓட்டுகிறவன். ரேடியல்தான்.

155/80 போதுமா, 165/80 வேண்டுமா என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். 155-இல் பார்த்த சுமைக் குறியீடு 82, அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும்; 165-இல் 87, அதாவது 545 கிலோ. வெறும் வண்டியே 820 கிலோ சொச்சம்தான், ஆக இரண்டுமே தாராளம். 165 பழைய உயரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, நெடுஞ்சாலையில் எஞ்சினும் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும். அதையே வாங்கினேன், ஐந்தாக. ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. அங்கே இருந்தது ஒரு பழைய கிராஸ்பிளை. பஞ்சரான நாளில் அதை ஏதோ ஒரு மூலையில் மாட்டினால் இரண்டு வகையும் கலந்துவிடும். அதிலும் முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று அமைந்தால் முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொள்ள, எஞ்சின் சுமக்கும் பின்பக்கம் வளைவில் விலகி ஓடும்.

மாட்டுவதற்கு முன் ரிம்மின் உள்விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டயர் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் ட்யூப்லெஸ் அங்கேதான் கசியும். அரை நாள் வேலை, சொல்வதற்கு வேறொன்றுமில்லை.

கடையில் மாட்டி பேலன்ஸ் பண்ணிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் வண்டி பந்து மாதிரி துள்ளியது, ஸ்டீயரிங் எங்கேயோ மிதந்தது. இவ்வளவு யோசித்து வாங்கியும் இதுதானா என்று வயிற்றைப் பிசைந்தது. ஓரம் கட்டிக் காற்றைப் பார்த்தேன். நாலிலும் 35 பிஎஸ்ஐ! இன்றைய கார்களுக்கு அடிக்கிற கைப்பழக்கம். பீட்டிலுக்கு ரேடியல் என்றால் முன்னால் 18, பின்னால் 27. திரும்பிப் போய்ச் சொன்னேன். “18-ஆ? அது காத்துப் போன டயர் சார்” என்று சிரித்தார் காற்றடிக்கிறவர். கையேட்டைக் காட்டிய பிறகுதான் இறக்கினார், அதுவும் அரைமனதாக. ஐம்பது மீட்டர் போனதுமே என் பழைய கார் திரும்பி வந்துவிட்டது தெரிந்தது.

கடைசி வேலை ஸ்டெப்னி. இந்தக் காரின் கண்ணாடி வாஷருக்கு மோட்டார் கிடையாது, முன்பக்க டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் காற்றுதான் தண்ணீரைத் தள்ளும். அதனால் ஸ்டெப்னிக்கு மட்டும் 42 பிஎஸ்ஐ. வாஷர் டயரையே காலி பண்ணிவிடாமல், காற்று ஓரளவு இறங்கியதும் ஒரு வால்வு மூடிக்கொள்ளும். பழைய ஸ்டெப்னியில் காற்று நின்றதில்லை, வாஷரும் வருஷக்கணக்காகச் சும்மாதான் இருந்தது. குழாயைச் செருகி, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் கண்ணாடியைத் தொடாமல் கூரையைத் தாண்டிப் பறந்து, பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியின் சட்டையில் விழுந்தது. ஊசி எடுத்துத் துளையின் கோணத்தைத் திருப்ப வேண்டும். நாளைக்கு.