பனை ஓலையில எழுதிப் பார்த்தேன், இதுவரைக்கும் வந்த கதை

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல எங்க திரும்பினாலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), அதனால ஓலைக்கு என்ன பஞ்சம்னு நெனச்சுத்தான் இதுல எறங்கினேன். ஆனா செம்பனை ஓலை இதுக்கு ஆகாது. நடு ஈர்க்க உரிச்சு எடுத்துட்டா மிஞ்சுறது ரெண்டு விரல் அகலம் கூட வராது, காய்ஞ்சதும் சுருட்டிக்குது. தென்னை இன்னும் மெலிசு, ஆணி பட்டாலே கிழியுது. கடைசியில தமிழ்நாட்டுக்குப் போயிருந்த மாமா கிட்ட சொல்லி, நறுக்கின பனை ஓலை ஒரு கட்டு வரவழைச்சேன்.

அத மஞ்சத் தண்ணியில வேக வெச்சு, நெழல்ல காய வெச்சு, வழுவழுன்னு இருக்குற ஆத்துக் கல்லால தேய்ச்சு எடுத்தேன். எழுத்தாணி சொந்தத் தயாரிப்பு, பழைய சைக்கிள் கம்பியத் தீட்டி மரப்பிடி போட்டது.

எழுத உக்காந்தப்போதான் தெரிஞ்சது, பேனா பிடிக்கிற பழக்கம் இங்க ஒண்ணுக்கும் ஒதவாது. வலது கை ஆணிய அசையாம பிடிச்சிருக்கணும், இடது கட்டவிரல் அத முட்டுக் கொடுத்துக்கிட்டே ஓலைய நகர்த்தணும். நான் அழுத்துனா மறுபக்கம் பொத்துக்குது, விட்டா கீறலே விழல. அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க, வயசுல பால்மரம் (ரப்பர்) வெட்டுனவங்க. "பட்டையத்தான்டா வெட்டணும், மரத்துல காயம் படக்கூடாது, இங்க கொடு"ன்னு வாங்கி சரசரன்னு நாலு எழுத்து இழுத்தாங்க, ஒண்ணு கூட பொத்துக்கல. அன்னைக்கு சாயங்காலம் முழுக்க ஆணி அவங்க கையிலதான்.

தமிழ் எழுத்து வளைஞ்சு வளைஞ்சு போறதுக்கு ஓலைதான் காரணம்னு சொல்றவங்க உண்டு. 'ப' எழுதிப் பாருங்க, அடிக்கோடு நார் போற வாக்குலயே விழும், அப்படியே நீளமா கீறிக்கிட்டு போயிடும். இப்ப என் 'ப'வுக்கு அடி கொஞ்சம் தொப்பையா வருது, அதுதான் ஓலைக்கு ஒத்துக்குது.

எழுதி முடிச்சதும் வெளக்குக் கரிய எண்ணெய்ல கொழச்சுத் தடவி துணியால தொடைச்சேன். மேல இருக்குற கரி போயிடும், கீறல்ல எறங்குனது மட்டும் நிக்கும். வெறும் கோடா, கண்ணுக்கே படாம இருந்தது கறுப்பா எழும்பி வர்ற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இத திரும்பத் திரும்ப செய்யலாம் லா.

அடுத்து பழைய முறையில ஒரு மளிகை லிஸ்ட். பெரும்பாலான ஏடுங்கள்ல புள்ளி கிடையாது, 'ா'ங்கிற காலும் ரகரமும் ஒரே உருவம், குறில் நெடில் கொம்பும் ஒண்ணுதான், இடைவெளியும் விட மாட்டாங்க. கொம்புக்கு ரெட்டைச் சுழி போட்டு நெடில பிரிச்ச பெருமைய 18ஆம் நூற்றாண்டுல வந்த வீரமாமுனிவருக்குக் கொடுப்பாங்க. அந்தக் கணக்குல என் 'தேன்' 'தென'ன்னும் 'மோர்' 'மெரர'ன்னும் வந்து நிக்குது. தமிழ் டீச்சரா இருக்குற எங்க அக்கா கிட்ட நீட்டினேன், தேன ஒரு வழியா புடிச்சிட்டாங்க, மெரர கிட்ட நின்னுட்டாங்க. "இது என்னடா, மருந்தா?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல வெந்தயம் இருந்திருந்தா மோர்க் கொழம்புக்குன்னு ஊகிச்சிருப்பாங்களாம்.

மளிகை லிஸ்ட்டுக்கே இந்தப் பாடு. உ.வே.சா. இப்படிப்பட்ட ஏடுங்கள வெச்சுக்கிட்டுத்தான் 1887ல சீவக சிந்தாமணிய அச்சுக்குக் கொண்டுவந்தார், அதுவும் பூச்சி அரிச்சு ஓரம் உதிர்ந்ததையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாத்து. பள்ளிக்கூடத்துல இத ஒரு மார்க் கேள்வியா எழுதிட்டுப் போயிட்டோம்.

நம்ம ஊர் ஈரத்துக்கு பூஞ்சைதான் பெரிய தலைவலி, மழை விட்ட மறுநாளே வெள்ளையா படருது. செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் தடவி வெச்சிருக்கேன், சுவடி நூலகங்கள்லயும் அதத்தான் தடவுறாங்க. இப்போதைக்கு தாங்குது, வீடுதான் தொம்யாம் சூப் கடை மாதிரி மணக்குது.

இன்னும் ஓட்டை போட்டு கயிறு கோக்கல. சூட்டுக்கோல் வெச்சா ஓரம் பிரியாதுன்னு அம்மா சொல்றாங்க, முதல்ல எழுதாத ஓலையில போட்டுப் பாக்கணும்.