உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு

மட்டக்களப்புப் படுவான்கரையில் மச்சானுக்கு ஒரு வயல் இருக்கிறது. போன மாதம் வரம்பை ஒட்டி வாய்க்கால் வெட்டும்போது பழைய மட்பாண்டங்களின் ஒன்பது ஓட்டுத் துண்டுகள் வந்திருக்கின்றன. சனிக்கிழமை நான் வாவியைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் அவன் ஏழு துண்டுகளைத் தேசிக்காய்ப் புளி விட்டு, தும்பால் தேய்த்து, வெயிலில் காயவைத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான், குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி. எனக்கு நெஞ்சு பதறிப் போய்விட்டது. மிச்சம் இரண்டைச் சேற்றோடு அப்படியே கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டேன்.

அதில் ஒன்று பாதி உள்ளங்கை அளவு. வெளியே செங்கல் சிவப்பு, உள்ளே நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பு வாய் விளிம்பைத் தாண்டி வெளியிலும் ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கிறது. உடைந்த பக்கத்தை வெயிலில் பிடித்தால் கறுப்பு, சாம்பல், சிவப்பு என்று மூன்று நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போவது தெரிகிறது. மேலே பூசிய மை இப்படிக் கரைந்து உள்ளே போகாது, கோடு போட்ட மாதிரி நிற்கும். பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் அநுராதபுரத்திலும் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். வயதைச் சொல்லுவது தொல்லியல்காரர் வேலை, நான் அதற்குள் போகவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கறுப்புத்தான்.

பழைய மட்பாண்டத்தில் கறுப்பு மூன்று வழியில் வரலாம். ஒன்று காபன்: புகையும் கரியும் களிமண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி நிற்பது. இரண்டாவது இரும்பு: ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால் சிவப்பு ஏமடைட்டாக இருக்கிற அதே இரும்பு, காற்றை அடைத்துச் சுட்டால் கறுப்பு மக்னடைட்டாகிவிடும். மூன்றாவது மங்கனீசு, இது உண்மையான வர்ணக் கல், அரைத்துத் தீட்டுவது. கண்ணுக்கு மூன்றும் ஒரே கறுப்பு. ஆனால் ஒரு சிறு செதிலைக் காற்றோட்டமான உலையில் நன்றாகச் சூடாக்கினால் காபன் எரிந்து போய்விடும், இரும்புக் கறுப்பு சிவக்கும், மங்கனீசு அசையாமல் அப்படியே நிற்கும். ஏ.எல். இரசாயனவியல் படிக்கிற பிள்ளைக்கே இது விளங்கும், ஆனால் செதில் போனால் போனதுதான், அதனால் இப்போது ஆய்வுகூடங்களில் முதலில் கதிர்களைத்தான் நம்புகிறார்கள்.

கையில் பிடிக்கிற எக்ஸ் கதிர் கருவி ஒன்று இருக்கிறது. ஓட்டுத் துண்டை உடைக்காமல் அதில் என்ன மூலகங்கள் இருக்கின்றன என்று சொல்லும். சீனத்து நீலப் பீங்கானில் கோபால்ட்டோடு மங்கனீசு அதிகமா இரும்பு அதிகமா என்று பார்த்து, நீலம் சீனத்து மண்ணில் எடுத்ததா பாரசீகப் பக்கமிருந்து வந்ததா என்று பிரிப்பதற்கு இது நல்ல கருவி. ஆனால் காபன் மாதிரி இலேசான மூலகம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு இருக்கிறது என்று சொல்லும், அது சிவப்பு இரும்பா கறுப்பு இரும்பா என்று சொல்லாது, ஏனென்றால் இரண்டும் இரும்பும் ஒட்சிசனும்தான், சேரும் அளவும் அடுக்கும்தான் வேறு. அந்த அடுக்கைப் பார்க்க எக்ஸ் கதிர் அடுக்கில் பட்டு எந்தத் திசைகளில் சிதறுகிறது என்று பார்க்கிற விளிம்புவளைவு முறை வேண்டும், இல்லையென்றால் லேசர் ஒளி சிதறுவதை அளக்கிற ராமன் முறை. காபன் இருந்தால் ராமன் வரைபடத்தில் இரண்டு மேடுகள் எழும்பும், ஏமடைட்டுக்கு வேறு இடத்தில் வேறு மேடுகள். ஒரு கருவியின் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது என்பதை இந்தக் கறுப்பு நன்றாகக் காட்டுகிறது.

இரும்புக் கறுப்புக்கு நல்ல உதாரணம் பழைய கிரேக்கத்து ஏத்தென்ஸ் நகரத்துக் கறுப்புப் பளபளப்புச் சாடிகள், அவற்றில் வர்ணமே கிடையாது. நன்றாக வடித்தெடுத்த நைஸான களிமண் குழம்பைப் பூசி, ஒரே சூளையில் முதலில் காற்று விட்டு, பிறகு அடைத்து, கடைசியில் மறுபடியும் விட்டார்கள். பூசிய இடம் அதற்குள் கண்ணாடி போல இறுகிவிடுவதால் காற்று உள்ளே போகாமல் கறுப்பாகவே தங்கியது, பூசாத இடம் திரும்பச் சிவந்தது. இரண்டுக்கும் ஒரே இரும்புதான்.

இதை எங்கள் பக்கத்தில் இன்னும் தயிர்ச்சட்டி சுடுகிற ஒரு ஐயாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஓட்டைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "கவிழ்த்து வச்சிச் சுட்டிருக்கான் தம்பி. உள்ளுக்க உமியோ சருகோ போட்டிருப்பான், வாய் மண்ணுக்க புதைஞ்சிருக்கும். காத்து போகாது. மறுகா எடுத்தா உள்ள கறுப்பு, வெளிய சிவப்பு." அவர் காட்டிய இடம் அந்த ஒரு விரல் அகலம். வாய் எதுவரைக்கும் புதைந்திருந்தது என்பதற்கு அதுதான் அளவு. நான் ஓட்டை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தும் அதைக் கவனிக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கீழடி அகழாய்வுச் செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில் அங்கே கிடைத்த பானைகளின் உட்பக்கக் கறுப்புப் பூச்சில் காபன் நானோ குழாய்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய காபன் குழாய்கள், இருப்பதைக் காட்டினார்கள். தாவரச் சாறு ஏதாவது பூசிச் சுட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அதற்கு முன் 2006இல் டமஸ்கஸ் எஃகு என்கிற பழைய வகை உருக்கால் செய்த வாள் ஒன்றிலும் இதே மாதிரிக் குழாய்களைக் கண்டிருந்தார்கள். உடனே "அன்றைக்கே நானோ தொழில்நுட்பம்" என்று பேஸ்புக்கில் ஓடியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுட்டவனுக்குக் குழாய் தெரிந்திருக்கத் தேவையில்லை. எந்தப் பூச்சு, எவ்வளவு சூடு, எப்போது அடைப்பது என்று தெரிந்திருந்தது, அதுவே பெரிய அறிவு.

இப்போது அந்தத் தேசிக்காய்க்கு வருகிறேன். புளி சுண்ணாம்பைக் கரைக்கும். பழைய ஓட்டில் வெள்ளைக் கோடு சுண்ணாம்பால் போட்டிருந்தால் ஒரு தேசிக்காயோடு கதை முடிந்தது. தும்பு உட்பக்கக் கரியையும், அதில் ஒட்டியிருக்கக்கூடிய சாப்பாட்டு எச்சத்தையும் உரித்துவிடும். வயலில் ஓடு கிடைத்தால் கழுவாதீர்கள், சேற்றோடு கடதாசியில் சுற்றி எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று எழுதி வையுங்கள், மேலே தோண்டாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் அறிவிக்கத்தான் சொல்கிறது.

மச்சானிடம் கோபப்படவில்லை. திங்கட்கிழமை ஒன்பது துண்டையும் அவனே கொண்டு போகிறான். கழுவின ஏழும் ஒரு பையில், கழுவாத இரண்டும் வேறு பையில். எந்தப் பை எது என்று அவன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறான்.