உடைசல் டப்பாவும் அளவு ஜாக்கெட்டும்

தை மாசம் எடை மெஷினில் 79 கிலோ. மாசி, பங்குனியிலும் 79. ஆடி பிறந்தபோதும் 79தான். நடுவில் ஒரு நாள் 78.6 காட்டியது. சந்தோஷத்தில் இறங்கி மறுபடி ஏறினால் 79.2. எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல். கையால் வார்க்கிற கல் என்பதால் கல்லுக்குக் கல் ஒரு நூல் ஏற்ற இறக்கம் இருக்கும். எந்தக் கல்லில் வைத்தால் மெஷின் குறைத்துக் காட்டுகிறது என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், எடை குறைக்கிற யாரைக் கேட்டாலும் இந்த மாதிரி ஒரு கதை வைத்திருப்பார்கள்.

ஆரம்பித்தபோது 91 கிலோ. தொழில், பலகாரம் போட்டுக் கொடுப்பது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி வீட்டின் மூணாம் கட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், தீபாவளி என்று தேன்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் அதிரசமும் போய்க்கொண்டே இருக்கும். 'நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னுக்கிட்டு எப்படிக்கா குறைக்கிறீங்க?' என்று கேட்பார்கள். பலகாரம் பிரச்சினையே இல்லை. காலையில் இருந்து அந்த வாசனையிலேயே நிற்கிறவளுக்கு முழுத் தேன்குழலைக் கையில் எடுக்கத் தோன்றாது. ஆளைக் கெடுப்பது உடைசல்.

தேன்குழலை அச்சில் பிழிந்து, வெந்து, ஓசை அடங்கி எடுக்கிறபோது ஓரம் உடையும். டின்னில் அடுக்குகிறபோது நாலு உடையும். உடைந்ததை ஆச்சிமாருக்குக் கொடுக்க முடியாது. அது தனி டப்பாவுக்குப் போகும். அந்த டப்பா அடுப்புக்கும் பேக்கிங் பலகைக்கும் நடுவில், கை எட்டுகிற உயரத்தில் இருக்கும். போகிறபோது ஒரு விள்ளல், வருகிறபோது ஒரு விள்ளல். அதைச் சாப்பாடு என்று யார் கணக்கு வைத்தார்கள்? ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. முதல் வருஷம் நான் செய்த பெரிய காரியம் அந்த டப்பாவை இடம் மாற்றியதுதான். மூடி போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். சாயந்திரம் வேலை செய்கிற பெண்கள் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உப்பும் பதமும் பார்க்க முதல் ஈட்டில் ஒரு விள்ளல் மட்டும் என் வாய்க்கு. அது தொழில், விட முடியாது.

பயம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் விரலை எடுத்ததை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று ரிப்போர்ட் வந்தபோது ராத்திரி தூக்கம் இல்லை. 6.5 வந்தால் சர்க்கரை நோய் என்றார் டாக்டர். மறுநாளே டீயில் சீனியை நிறுத்தினேன், விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன், ராத்திரி இட்லி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது. முதல் மாசம் நாலு கிலோ போனது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம். சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும்.

தை மாசம் மறுபடி ரத்தம் எடுத்தபோது 5.8. முழுசாக நல்ல எண் இல்லை, 5.7க்குக் கீழே வர வேண்டும். ஆனாலும் எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. பயம் தெளிந்ததும் நடையும் தளர்ந்துவிட்டது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தோற்றால் மனம் விட்டுப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பாதி ஜெயித்ததும் ஆரம்பித்த காரணமே கையை விட்டுப் போய்விடும் என்பது எனக்குப் புதுசாக இருந்தது. எழுந்து செருப்பை மாட்டும்போது 'எதுக்கு?' என்று உள்ளே ஒரு கேள்வி வரும். பதில் இருக்காது. இத்தனைக்கும் சாப்பாட்டில் ஒன்றும் கூட்டவில்லை. மெஷின் மட்டும் அசையவில்லை.

டாக்டரிடம் முறையிட்டேன். 'லோடு குறைஞ்ச வண்டிக்கு டீசல் கம்மியாத்தான் பிடிக்கும். நீங்க 91 கிலோவுக்குப் போட்ட கணக்குலயே 79 கிலோ வண்டியை ஓட்டுறீங்க' என்றார். உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவைப்படுகிறதும் சிறுத்துவிடும். அதோடு, சாப்பாடு குறைந்த உடம்பு நமக்குத் தெரியாமலே அசைவையும் குறைத்துக்கொள்ளும். எழுந்து எடுக்கிற செம்பை உட்கார்ந்தபடியே 'ஏய், அதை எடு' என்போம். சரி, காரணம் புரிந்துவிட்டது. ஆனால் காரணம் புரிந்தால் மட்டும் காலையில் எழுந்திருக்கத் தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் எனக்கு ஒரு கண்டாங்கி எடுத்துக் கொடுத்தார்கள். அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டு, அகலக் கரை வைத்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சேலை. அதற்கு ஜாக்கெட் தைக்க, எப்போதும் போல அளவு ஜாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு தையல்கார அண்ணனிடம் போனேன். இருபது வருஷமாக அவர்தான் எனக்குத் தைக்கிறார். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

'இது யாரு அளவுத்தா?'

'என்னதுதாண்ணே.'

'உன்னது இல்ல. இதுக்குள்ள நீயும் இன்னொரு பிள்ளையும் போகலாம். இங்க வந்து நில்லு.'

அவரிடம் ஒரு பழைய பேரேடு உண்டு. யாரோ ஒரு செட்டியார் வீட்டில் கழித்துப் போட்டது. முன்பாதியில் வட்டிக்கணக்கு, பின்பாதியில் எங்கள் எல்லாருடைய அளவும். டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அளந்து எழுதினார். எழுதிவிட்டு மேலே பழைய வரிகளைத் தேடினார். அவர் விரலை நானும் தொடர்ந்து பார்த்தேன். போன வருஷம் ஆடியில் இடுப்பு 39, கை 15. இந்த வருஷம் தையில் 37, கை 14. இன்றைக்கு இடுப்பு 35½, கை 13½.

தைக்கும் ஆவணிக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம். மெஷின் ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்த அதே மாதங்கள். நான் ஒன்றும் நடக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டிருந்த அதே மாதங்கள். அந்த மாதங்களில்தான் கல்யாண சீசன், ஆள் பற்றாக்குறை. 15 கிலோ எண்ணெய் டின்னை வீட்டு முகப்பிலிருந்து வளவு, அதாவது நடு முற்றம் தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி நானே தூக்கிக்கொண்டு போனேன். முன்பெல்லாம் வளவில் ஒரு தூணடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு நிலைப்படியிலும் காலைத் தூக்கிப் போடும்போது முழங்கால் 'கடக்' என்கும். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று தையல்கடையில் நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. கொழுப்பு கரைந்து தசை பிடித்தால் எடை அப்படியே நிற்க, சுற்றளவு மட்டும் இறங்கும் என்று டாக்டர் அடுத்த தடவை விளக்கினார். நம் ஊர்ப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எடையோடு அதையும் பாருங்கள் என்றார். அங்குலத்தில் முப்பத்தொன்றரை. அண்ணன் அளக்கிற இடம் கொஞ்சம் மேலே, இருந்தாலும் போக வேண்டிய தூரம் தெரிகிறது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரப்போகிற எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை அப்படி ஒன்றும் குறையவே இல்லையாம். இதைக் கேட்டபோது அந்த மெஷின் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

இப்போது நடையோடு வேறு சிலதும் சேர்ந்திருக்கிறது. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. அரை டின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கும் மூணாம் கட்டுக்கும் போய் வருவது. வேலை செய்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். மத்தியானச் சோற்றைக் குறைத்து, கண்மாய் மீன் கிடைத்தால் குழம்பில் இரண்டு துண்டு கூட, இல்லாவிட்டால் முட்டையோ சுண்டலோ. கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டு ஒரு கிண்ணம் அடிக்கிறவர்களைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

மெஷினில் வாரம் ஒரு தடவை ஏறுகிறேன், அதுவும் ஒரே கல்லில் வைத்து. நேற்று 78.4. செருப்பை மாட்டும்போது அந்தக் கேள்வி இன்னும் வருகிறது. இடுப்பு 34 ஆனால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அதுதான் இப்போதைக்குப் பதில். அம்மா விரலை நினைத்து ஓடிய காலத்தில் இல்லாத ஒரு குறுகுறுப்பு இதில் இருக்கிறது.

ஒரே சிக்கல், தையல்கார அண்ணன் சும்மா அளக்க மாட்டேன் என்கிறார். 'அளவு மட்டும் எடுக்க வர்றியே, துணி எங்கத்தா?' என்று கேட்டுவிட்டார். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாக்கெட் பிட் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பீரோவில் சேலையைவிட ஜாக்கெட் அதிகமாகிவிட்டது. பழையதை எல்லாம் பிடித்துத் தரச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி கேட்கிறார்.